முத்திரைத் தேதி

ஜனவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை நிதானமாகப் படிப்பாய். நீயும் அத்தானும் சுகம்தானே? அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

போன வாரம் போனைப் பாதியில் வைத்தது என் தப்பு. ஆனால் நீ "ம், ம், சொல்லு" என்கிறாய், பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கிறது. சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். வேறு எதையோ பேசினேன், சண்டையில் முடிந்தது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் கடிதத்தில் பேசுவோம். நான் பாதியில் எழுந்து போனாலும் காகிதம் அங்கேயே இருக்கும்.

நவம்பரில் ஆவணக் காப்பகத்தில் ஒரு கோப்பை இடம் மாற்றி வைத்துவிட்டேன். நூறு வருஷத்துக்கு முந்தைய கடிதங்கள், முப்பத்தாறு. 214ஆம் பெட்டிக்குப் போக வேண்டியவை. பெட்டியைச் சரியாக மூடினேனா என்று நாலு தடவை திரும்பிப் போய்ப் பார்த்தேன். எந்தப் பெட்டியை மூடினேன் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஒன்பது நாள் தேடினோம். 241இல் கிடைத்தது. எங்கள் காப்பாளர், பூதக்கண்ணாடி என்று சொல்வேனே, அவர் கத்தவில்லை. "இங்க ஒரு தாளை இடம் மாத்தி வைக்கறதும் அதை எரிக்கறதும் ஒண்ணுதாம்மா" என்றார். என் தற்காலிகப் பணி ஜூனோடு முடிகிறது. நீட்டிக்கலாமா என்று எழுதப் போகிறவர் அவர்தான்.

அதற்குப் பிறகுதான் டாக்டரிடம் போனேன். இரண்டு பெயர் சொன்னார். ஒன்று, நமக்கெல்லாம் தெரிந்த பதற்றம். இன்னொன்று ஏ.டி.எச்.டி. கவனம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுவது, சின்ன வயதிலிருந்தே இருப்பது. வாலுப் பையன்களுக்கு மட்டும் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஊக்க மாத்திரை இருக்கிறது. ஆனால் அது இதயத் துடிப்பை ஏற்றும், பதற்றத்தையும் ஏற்றலாம். "ஏத்துமா, ஏத்தாதா?" என்று கேட்டேன். "சிலருக்கு ஏத்தும். சிலருக்கு வேலை ஒழுங்கா நடக்கறதால பதற்றமே குறையும். நீங்க எந்தச் சிலர்னு சாப்பிட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். இந்த பதிலுக்கு நான் இரண்டு மணி நேரம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரை எழுத அவருக்கு ஒரு படிவம் வேண்டும். சின்ன வயதில் நான் எப்படி இருந்தேன் என்று கூட இருந்த மூத்தவர் ஒருவர் நிரப்பித் தர வேண்டும். அம்மாவிடம் கொடுத்தால் "என் பொண்ணுக்கு என்ன குறை" என்று எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுவிடுவாள். நான் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போது அப்பா போனார், அம்மா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அதற்கப்புறம் எனக்குத் தலை பின்னி, ஷூ மாட்டி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது ஏழு வயது மூத்த நீதான். இருபது கேள்வி. இதோடு வைத்திருக்கிறேன். அடுத்த சந்திப்பு பிப்ரவரி 20. அதற்குள் அனுப்பிவிடு.

உன்
தும்பி


ஜனவரி 25

என் தும்பிக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மாவோட முட்டி மாடிப்படியைத் திட்டிக்கிட்டே ஏறி இறங்குது. அத்தான் உன்னை விசாரிச்சார். நீ இளைச்சுப் போயிருப்பேன்னு அவருக்குக் கவலை. அவருக்கு எல்லாரும் இளைச்சுத்தான் தெரிவாங்க.

நேரா சொல்லிடறேன், எனக்கு இது பிடிக்கல. ஒரு கோப்பு இடம் மாறினதுக்கு மாத்திரையா? ஏற்கெனவே நீ கதவு தட்டினா திடுக்குன்னு எழுந்திருக்கிற ஆளு. அதுக்கு மேல இதயத்தை விரட்டற மருந்து எதுக்கு? நேத்து ஆம்புலன்ஸ் மையத்துல ஒரே நேரம் மூணு அழைப்பு எடுத்தேன். ஒரு அம்மா அழுகையில முகவரியே சொல்லல, ஜன்னல் வழியா என்ன கடை தெரியுதுன்னு கேட்டுக் கேட்டே வண்டியை அனுப்பினேன். நான் என்ன மாத்திரை சாப்பிட்டா செஞ்சேன்? பழக்கம். அவ்வளவுதான்.

நம்ம வீட்ல நான் சீட்டு எழுதி ஒட்டி வெச்ச மாதிரி நீயும் ஒட்டு. எல்லாம் சரியாயிடும்.

படிவம் பாத்தேன். இன்னும் நிரப்பல. ஞாயித்துக்கிழமை உக்காந்து நிரப்பிடறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்கா,

நான் இளைக்கவில்லை என்று அத்தானிடம் சொல். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பது நிம்மதி.

சீட்டு ஒட்டிப் பார்க்காமல் இருப்பேனா? நான் அந்த வீட்டில் வளர்ந்தவள். அலமாரிக் கதவு முழுக்க உன் கையெழுத்து. 'சாவி இங்கே.' 'குடை எடு.' அடுப்புக்கு மேலே சிவப்பு மையில் 'கேஸை மூடு.' வருகிறவர்கள் எல்லாம் "எவ்வளவு ஒழுங்கான பொண்ணு" என்று உன்னைச் சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்கள். இங்கேயும் ஒட்டியிருக்கிறேன். மூன்று நாளில் கண்ணுக்குச் சுவரும் சீட்டும் ஒன்றாகிவிடுகிறது. உனக்கு மட்டும் எப்படி வேலை செய்தது என்று எனக்குப் புரியவே இல்லை.

நீ பயப்படுவது மாத்திரை பதற்றத்தைக் கூட்டிவிடும் என்று. என் பயம் அதற்கு நேர் எதிர். குறைத்துவிட்டால் என்ன செய்வேன்? காலையில் என்னை எழுப்புவது பயம். பேருந்தைப் பிடிக்க வைப்பது பயம். பெட்டி எண்ணைத் திரும்பப் பார்க்க வைப்பது பயம். நினைவு என்று ஒன்று எனக்கு ஒழுங்காக இல்லாததால், அந்த வேலையையும் பயம்தான் இத்தனை வருஷம் சேர்த்துப் பார்த்திருக்கிறது. அதை நிறுத்திவிட்டு மாத்திரையை நம்பி, மாத்திரையும் கை கொடுக்கவில்லை என்றால் என்னிடம் ஒன்றுமே இருக்காது.

இதை அன்றே டாக்டரிடமும் சொல்லியிருந்தேன். "பயத்தை வெச்சு எவ்வளவு நாள் வண்டி ஓட்டுவீங்க?" என்று கேட்டார். நான் அவர் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ வேண்டாம் என்று சொல். கேட்டுக்கொள்கிறேன். ஆனால் படிவத்தை அனுப்பிவிட்டுச் சொல். பதினெட்டு நாள் இருக்கிறது.

தும்பி


பிப்ரவரி 23

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் நலம் என்று எழுத இன்று கை வரவில்லை.

படிவம் இல்லாமலே போனேன். "வீட்லேர்ந்து இன்னும் வரலையா?" என்றார். வரவில்லை. "அப்ப வந்ததும் பாக்கலாம்." ஐந்து நிமிஷம். அடுத்த இடம் ஏப்ரல் 9ஆம் தேதி. வரவேற்பில் இருக்கிற பெண் அதை ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு "தொலைச்சிடாதீங்க" என்று சிரித்தாள். எல்லோரிடமும் சொல்வாளாக இருக்கும். எனக்கு அழுகை வந்தது.

காப்பகத்தில் இந்த வாரம் நான் எழுதிய பட்டியல் அட்டைகளில் இரண்டில் தவறு. பூதக்கண்ணாடி சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்றாய். நாலு ஞாயிறு போய்விட்டது.

தும்பி


பிப்ரவரி 12

என் தும்பிக்கு,

நாங்க எல்லாரும் சௌக்கியம். உனக்கு சளி கிளி ஒண்ணும் இல்லையே?

உன் கடிதம் படிச்சேன். பயம்தான் எழுப்புதுன்னு எழுதியிருந்தியே, அதை ரெண்டு தடவை படிச்சேன். அப்புறம் வேலை வந்துடுச்சு.

படிவம் தயார். நாளைக்குத் தபால்ல போட்டுடறேன். சீட்டு எப்படி வேலை செஞ்சுதுன்னு கேட்டிருந்தே. வாரா வாரம் மையை மாத்தணும், இடத்தை மாத்தணும். அப்பத்தான் கண்ணுல படும். இது உனக்குத் தெரியாதா?

மையத்துல எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தாங்க, அந்த அழைப்புக்காக. அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டணுமாம்.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்கா,

பாராட்டுக் கடிதத்துக்கு வாழ்த்து. அம்மா மாட்டட்டும், நேராக மாட்டினாளா என்று அத்தானைப் பார்க்கச் சொல்.

உன் கடிதம் மார்ச் 5ஆம் தேதி வந்தது. மேலே பிப்ரவரி 12 என்று எழுதியிருக்கிறாய். உறையில் இருக்கும் முத்திரை மார்ச் 3. என் வேலையே இதுதான் அக்கா. ஒவ்வொரு பழைய கடிதத்துக்கும் ஒரு அட்டை எழுதுகிறேன். எழுதிய தேதிக்கு ஒரு கட்டம், முத்திரைத் தேதிக்கு ஒரு கட்டம். உறையைத் தூக்கிப் போடவே கூடாது என்பது இங்கே முதல் விதி. வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது.

நேற்று உன்னுடைய பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன், நீ கல்யாணமாகிப் போனதிலிருந்து. பத்தொன்பது உறை. இந்த ஜனவரியில் வந்ததைத் தவிர எல்லாவற்றிலும் இரண்டு தேதிக்கு நடுவில் குறைந்தது இரண்டு வாரம். ஒன்றில் ஐந்து மாதம். இத்தனை நாளும் உங்கள் ஊர்த் தபால்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அந்த மனுஷன்.

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற பொறுமை இல்லை. படிவம் தயார் என்றால் உறையில் போட வேண்டியதுதானே பாக்கி? எனக்கு மாத்திரை வேண்டாம் என்று நீயே முடிவு செய்து, படிவத்தை வைத்துக்கொண்டிருக்கிறாயா? அப்படியென்றால் அதை நேராகவே எழுது. காத்திருக்க மட்டும் வைக்காதே. எனக்கு அது ஒன்றுதான் வராது.

தும்பி


மார்ச் 20

தும்பி,

இங்க நலம். நீ கோபமா இருந்தாலும் நலமா இரு.

எனக்கு ஒரு நாளைக்கு எண்பது அழைப்பு. வீடு, அம்மா, அத்தான். உன்னை மாதிரி உறையைத் திருப்பித் திருப்பிப் பாக்க எனக்கு நேரம் இல்லை. என் கடிதத்துக்கெல்லாம் நீ அட்டை எழுதுவேன்னு தெரிஞ்சிருந்தா எழுதியே இருக்க மாட்டேன்.

படிவத்தை எப்பவோ போட்டாச்சு. வரலன்னா தபால்லதான் தொலைஞ்சிருக்கும். நான் பாத்தவரைக்கும் சின்ன வயசுல உனக்கு ஒண்ணும் இல்லை. கொஞ்சம் கனவு கண்டுக்கிட்டு உக்காந்திருப்பே, அவ்வளவுதான். உன்னைப் பாத்துக்க நான் இருந்தேன்.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

அம்மாவையும் அத்தானையும் கேட்டதாகச் சொல்.

தொலையவில்லை. 6ஆம் தேதி படிவம் வந்தது. கூட ஒரு வரி கடிதம்கூட இல்லை. முத்திரை ஏப்ரல் 3. படிவத்தின் அடியில், கையெழுத்துக்குப் பக்கத்தில், நீ போட்டிருக்கிற தேதி ஜனவரி 19. என் கடிதம் உன் கைக்குக் கிடைத்த அன்றே உட்கார்ந்து நிரப்பியிருக்கிறாய். அதற்கு ஆறு நாள் கழித்து "இன்னும் நிரப்பல" என்று எனக்கு எழுதியிருக்கிறாய்.

ஏன் என்று படித்ததும் தெரிந்தது.

மூன்றாவது கேள்வி, பொருட்களைத் தொலைப்பாரா. நீ எழுதியது: 'நாலாம் வகுப்பில் ஒரே மாதத்தில் மூன்று குடை. மூன்றாவதற்கு அப்பா அடித்தார்.' நான் நாலாம் வகுப்புக்குப் போகும்போது அப்பா இல்லை அக்கா.

ஏழாவது, தொடங்கிய வேலையை விட்டுவிட்டுப் போவாரா. 'பாலைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நிற்க மாட்டாள். ஒருமுறை பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வந்துகொண்டே இருந்தது. தங்கை அதே அறையில் தொட்டிலில் இருந்தாள்.'

தங்கை நான்தான்.

பதினைந்தாவது, ஏதோ ஆபத்து வரப்போகிறது என்ற பயத்திலேயே இருப்பாரா. ஒரே சொல் எழுதியிருக்கிறாய். 'அன்றிலிருந்து.'

இருபது பதிலில் ஒன்றுகூட என்னைப் பற்றி இல்லை. எழுதிக்கொண்டு போகும்போது தெரியவில்லையா, எழுதி முடித்துப் படித்தபோதுதான் தெரிந்ததா? எனக்கு உன் மேல் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. படிவத்தைக் கிழிக்கப் பார்த்தேன். முடியவில்லை. உறையோடு சேர்த்து எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன், உன் பெயரை மட்டும் சொல்லாமல். அவர் சிரிக்கவில்லை. "பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு ஏதாவது இருக்கா?" என்றார். இருக்கிறது. என் டிரங்குப் பெட்டியில், ஒன்றாம் வகுப்பிலிருந்து. ஏழு ஆசிரியர்கள் ஏழு விதமாக 'கவனம் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். படிவத்தைப் போனில் படமெடுத்து அனுப்பச் சொல்லி உன்னைக் கேட்டிருந்தாலோ, இந்தக் கார்டுகளை அவரிடம் காட்டியிருந்தாலோ பிப்ரவரியிலேயே முடிந்திருக்கும். வேறு வழி இருக்கிறதா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது எனக்கே தெரிகிறது. நீ தாமதித்த வரைக்கும் நான் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை.

ரத்த அழுத்தம், இ.சி.ஜி. எல்லாம் பார்த்தார். இருப்பதில் குறைந்த அளவு எழுதிக் கொடுத்தார். காபியைக் குறைக்கச் சொன்னார். "வாங்கி வெச்சுக்கோங்க. எடுக்கறதா வேண்டாமாங்கறது உங்க முடிவு" என்றார்.

டப்பா மேசை மேல் இருக்கிறது. திறக்கவில்லை.

தும்பி


ஏப்ரல் 28

என் தும்பிக்கு,

அம்மா நல்லா இருக்கா. நானும் இருக்கேன்.

உன்னை நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன். சத்தியமா. மூணாவது கேள்வியில குடைன்னு எழுதினேன், அப்புறம் பேனா தானாப் போச்சு. முடிச்சுட்டுப் படிச்சா, பக்கத்து வீட்டுக்காரி யாரோ என்னைப் பத்திப் புகார் எழுதின மாதிரி இருந்தது. புதுப் படிவம் கேக்க வெக்கமா இருந்தது. இதையே அனுப்பினா உனக்குத் தெரிஞ்சிடும். அதான்.

எனக்கு எட்டு வயசு. அம்மா துணி காயப் போட மொட்டை மாடிக்குப் போயிருந்தா. நான் ஜன்னல்ல ஒரு ஓணானைப் பாத்துக்கிட்டு இருந்தேன். எவ்வளவு நேரம்னு தெரியாது. அம்மா ஓடி வந்து உன்னைத் தூக்கிக்கிட்டு வெளிய போனா. ஒண்ணும் ஆகல. யாரும் அதைப் பத்தி அப்புறம் பேசவே இல்லை. நான்தான் அன்னிலேர்ந்து சீட்டு எழுதிக்கிட்டே இருக்கேன்.

பாராட்டுக் கடிதம் வந்த அதே வாரம் இன்னொரு கடிதமும் வந்தது. ஒவ்வொரு அழைப்பு முடிஞ்சதும் ஒரு அறிக்கை எழுதணும். நாப்பத்தோரு அறிக்கை எழுதாம வெச்சிருக்கேன். அதை அம்மா கண்ணாடி போட மாட்டா.

மாத்திரை வேண்டாம்னு உனக்குச் சொன்னேன். உனக்குச் சொன்னேனா யாருக்குச் சொன்னேன்னு இப்ப தெரியல.

எடுத்தியா?

அக்கா


மே 17

அன்புள்ள அக்கா,

நலமா? உன் கடிதத்தின் முத்திரை மே 9. பதினொரு நாள். ஜனவரிக் கடிதத்தை விட்டால் உனக்கு இது சாதனை, அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

எடுத்தேன். மே 4, காலை ஏழரை மணி. டப்பா மேசையில் இருபத்தைந்து நாள் உட்கார்ந்திருந்தது. எடுத்த அன்று நீ பயந்த மாதிரியே எல்லாம் நடந்தது. பத்து மணிக்கு இதயம் கதவைத் தட்டுவதுபோல் அடித்தது. காப்பகப் படிக்கட்டில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன், தொண்ணூற்றிரண்டு. மருத்துவமனைக்குப் போன் செய்தேன். "நெஞ்சு வலிக்குதா? மூச்சு வாங்குதா?" இரண்டும் இல்லை. "காபி குடிச்சீங்களா?" குடித்திருந்தேன். இரண்டு. "அதைத்தாம்மா குறைக்கச் சொன்னாங்க."

பெரிய அமைதி எதுவும் வரவில்லை. ஆறாம் நாள் மேசையில் உட்கார்ந்து பதினோரு அட்டை எழுதினேன், பன்னிரண்டாவதை எடுக்கும்போதுதான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்பதே தெரிந்தது. வீட்டுக் கதவை ஒரு தடவை பூட்டிவிட்டு நடந்தேன். தெருமுனையில் பயம் வந்தது, வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான முகத்தோடு. நின்றேன். சாவியைத் திருப்பியது கையில் நினைவிருந்தது. திரும்பிப் போகவில்லை. ஆனால் நாலு மணிக்கு மேல் மருந்து இறங்கும்போது யார் பேசினாலும் எரிகிறது. பூதக்கண்ணாடியிடம் "நீங்களே எழுதிக்கோங்க சார்" என்று சொல்லிவிட்டேன். மதியம் பசியே இல்லை, அத்தானிடம் சொல்லிவிடாதே. பதற்றத்துக்கென்று வாரம் ஒரு நாள் தனியாக ஒருவரிடம் போய்ப் பேசுகிறேன். இரண்டு மாதம் பார்த்துவிட்டுத் தொடரலாமா என்று முடிவு செய்வதாக டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன். பிடித்திருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. ஆனால் எடுத்தது நான்.

வேலையை ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். ஒரு நிபந்தனை: நான் வைக்கிற ஒவ்வொரு பெட்டி எண்ணையும் இன்னொருவர் சரிபார்ப்பார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்று காட்டுகிறேன். எரிச்சலாகத்தான் இருக்கிறது. இருந்தும் அந்தப் பெட்டிகளைத் திரும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் வெற்றுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கினேன். பெயர் என்ற இடத்தில் உன் பெயர். நிரப்பியவர் என்ற இடத்தில் தங்கை. நான் பார்த்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். எனக்கு ஷூ மாட்டிவிட்டு நீ செருப்பு மாட்டாமல் தெருவுக்கு வந்தது. என் பரீட்சைத் தேதிகள் எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டு உன்னுடையதற்கு ஒரு நாள் பிந்திப் போனது. அதை அம்மாவிடம் சொல்லாமல் இருக்க எனக்குப் பென்சில் வாங்கிக் கொடுத்தது. பதினைந்தாவது கேள்விக்கு நீ எழுதியதையே எழுதியிருக்கிறேன்.

தொட்டிலில் இருந்தவள் சொல்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

இதை எடுத்துக்கொண்டு யாரிடமாவது போவாயா என்பது உன் முடிவு. மூன்று மாதம் என்னை அலைய விட்டதை நான் மறக்கவில்லை. மறதிக்காரிதானே என்று நம்பி இருக்காதே.

தும்பி


ஜூன் 2

தும்பி,

நலம், நலம், எல்லாரும் நலம். தபால் ஆபீஸ்ல நின்னுக்கிட்டு எழுதறேன். பேனாவைக் கயித்துல கட்டி வெச்சிருக்காங்க, அது இந்த வரி முடியறவரைக்கும்தான் எட்டும், அதனால காகிதத்தை நகத்தி நகத்தி எழுதறேன். கையெழுத்துக்குத் திட்டாதே.

நேத்து உன் படிவத்தைப் பத்திரமா வைக்க ஒரு டிராயரைத் திறந்தேன். 'அனுப்ப வேண்டியவை'ன்னு நான்தான் சீட்டு ஒட்டியிருக்கேன். உள்ள உனக்கு எழுதின கடிதம் ஏழு இருக்கு. ஒண்ணு மூணு வருஷத்துக்கு முந்தின உன் பிறந்தநாளுக்கு. எல்லாத்தையும் இந்த உறைக்குள்ள திணிச்சிருக்கேன். எழுதின தேதி அதுல இருக்கு. அட்டை போட்டுக்கோ.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஒரு டாக்டர்கிட்ட நேரம் கேட்டிருக்கேன். படிவம் பையில இருக்கு. இப்ப தொட்டுப் பாத்தேன், இருக்கு. மாத்திரை குடுத்தா என்ன செய்வேன்னு தெரியல. எனக்கும் அதே பயம்தான், என்னை ஓட்டற பதற்றம் போயிட்டா அந்த அழைப்பையெல்லாம் யார் எடுப்பான்னு. அத்தான்கிட்ட இன்னும் சொல்லல.

பின்னால நிக்கறவர் ரெண்டாவது தடவையா இருமறார். ஒட்டிக் குடுத்துட்டு, அவங்க முத்திரை குத்தறவரைக்கும் இங்கயே நிப்பேன்.

அக்கா